ராஜாவின் அடிப்பக்கம்

செஸ் ஆட்டத்தில் மூன்றாவது மூவிலேயே ராஜாவை முன்னால் நகர்த்தியவரை என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அப்படி நகர்த்த வைத்த பாவியும் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். இருபது வருஷமாகத் தோலோடுதான் பிழைப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனியில் கேரம் ஆடுகிற கும்பல் ஒன்று, செஸ் ஆடுகிற கும்பல் ஒன்று. செஸ் கும்பலில் நான் கொஞ்சம் பெரிய ஆள். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. தோற்றால் காது சூடாகிவிடும். அன்றைக்கு என்னிடம் லீவு கேட்கிறவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு செஸ் போட்டி நடக்கிறது. முதல் நான்கு இடம் பிடிக்கிறவர்கள் ஓர் அணியாகச் சென்னைக்குப் போய், மற்ற ஊர்த் தொழிலாளர் அணிகளோடு ஆடுவார்கள். முதுகில் ஊர்ப் பெயர் போட்ட பனியன் கொடுப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த நான்கில் ஒருவனாக வரவேண்டும் என்று நான் பட்ட ஆசை இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தாவது இடம். கம்பெனியில் எனக்கு 'அஞ்சாம் நம்பர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். போன வருஷப் போட்டிக்குக் கிளம்பும்போது என் மனைவி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, "இந்த வாட்டியும் அஞ்சாவதா வந்தேன்னு வந்து நிக்காத. எனக்கே வெளிய சொல்ல பேஜாரா இருக்கு" என்றாள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மேடையில் மாப்பிள்ளை பெண்ணு உட்கார்கிற சிவப்பு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோப்பைகளை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஞாயிறு மத்தியானம் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. முதல் மூன்று இடம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான்காவது இடம் எனக்கு, அல்லது எனக்கு எதிரே உட்காரப்போகிறவருக்கு. எனக்கு டிரா போதும். அவர் ஜெயித்தே ஆகவேண்டும்.

எதிரே உட்கார்ந்தது பேரணாம்பட்டுத் தோல் ஷெட் ஒன்றிலிருந்து வந்த அம்மா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். முதல் தடவையாகப் போட்டிக்கு வருகிறவர். மண்டபத்து வாசலில் போனில் யாரிடமோ உருதுவில் "ஹாங் அம்மி, ஹாங்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் போனை அணைத்துப் பையில் போட்டார், கண்ணாடியைத் துடைத்தார், எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். இந்த அம்மாதான் முந்தைய நாள் எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பையனை இருபத்தைந்தே மூவில் மூட்டை கட்டி அனுப்பியவர். அவன் என்னிடம் வந்து, "அண்ணா, அந்தம்மாவைச் சாதாரணமா நெனச்சிடாதீங்க" என்று சொல்லியிருந்தான்.

நான் நினைக்கவில்லை. அவர் ஆட்டத்தை எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். வெள்ளைக் காய் கிடைத்தால் எப்போதும் ஒரே தொடக்கம்தான் ஆடுவார்: ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம், பிறகு குதிரை, மூன்றாவதாக பிஷப் வெளியே வரும். இத்தாலியன் என்று அதற்குப் பேர். ஞாயிறு எப்படியும் அவர் எனக்கு எதிரே வருவார் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை ராத்திரி முழுக்க அதற்குப் பதில் தேடி, எந்த மூவுக்கு எந்த மூவ் என்று பதினைந்து மூவ் வரைக்கும் மனப்பாடம் செய்துவிட்டேன். தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் என் மனைவி, "பரீட்சைக்குப் போற புள்ளகூட இவ்ளோ படிக்காது" என்றாள்.

அவருக்கு வெள்ளைக் காய் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சிப்பாய் இரண்டு கட்டம். நானும் இரண்டு கட்டம். குதிரை. நானும் குதிரை. இனி பிஷப் வரவேண்டும். வந்தால் என் பதினைந்து மூவும் வரிசையாக இறங்கும்.

அந்தம்மா கையை நீட்டினார். கை பிஷப்பிடம் போகவில்லை. பக்கத்தில் நின்ற ராஜாவைத் தூக்கியது. தூக்கி, தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவியது.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தோல் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற வியாதி அது. தோலுக்கு மேல் பக்கம் ஒன்று, சதைப் பக்கம் ஒன்று. மேல் பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருக்கும். திருப்பிச் சதைப் பக்கம் பார்த்தால் கத்திக் கீறல் நாலு இருக்கும். ஷூ செய்து கப்பலேற்றின பிறகு அந்த இடத்தில் பிய்ந்தால் பதில் சொல்லவேண்டியது நாங்கள். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் திருப்பி, கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் எங்களால் கீழே வைக்க முடியாது. கை தானாகச் செய்கிற காரியம். தரம் பிரிக்கிற செலக்ஷன் வேலைக்காரர்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி. தட்டைத் திருப்புவோம், கல்யாணப் பத்திரிகையைத் திருப்புவோம். நான் பெண் பார்க்கப் போனபோது காபி டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தேனாம். "காபியில இன்னாவோ கெடக்குதுன்னு எங்கம்மாவுக்கு உயிரே போய்டுச்சி" என்று என் மனைவி இன்னமும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த ராஜாவும் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி போய், யாரோ ஒரு துண்டு லைனிங் தோலை வெட்டி ஒட்டியிருந்தார்கள். செலக்ஷன்காரரின் கண்ணில் அது பட்டது, கை போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அது சத்தியமாகத் தெரியும்.

ஆனால் செஸ் போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். சரியாக நிறுத்தி வைக்கத் தொடுவதானால், தொடுவதற்கு முன்னாலேயே 'அட்ஜஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தம்மா சொல்லவில்லை. பிஷப்பும் ராணியும் இன்னும் இடத்தைவிட்டு எழுந்திருக்காத நிலையில் ராஜா போகக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்று: சிப்பாய் காலி செய்த, நேர் முன்னால் இருக்கிற கட்டம். அங்கே போனால் சொந்த பிஷப்புக்கும் வழி அடைபடும், ராணிக்கும் வழி அடைபடும். ராஜாவும் யானையும் ஒரே மூவில் இடம் மாறி, ராஜா ஓரமாகப் பத்திரமாகப் போய் உட்காருகிற கேஸ்லிங் உரிமையும் அந்த ஆட்டம் முழுக்கப் போய்விடும். மூன்றாவது மூவில் இதைவிடக் கேவலமாக எதுவும் ஆட முடியாது.

நான் கையைத் தூக்கினேன். "ஆர்பிட்டர்! டச் மூவ்!" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து போர்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆர்பிட்டர், அதாவது நடுவர், சென்னையிலிருந்து வந்தவர். தோலுக்கு மேல் பக்கம், சதைப் பக்கம் என்று இரண்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தம்மாவிடம், "ராஜாவைத் தொட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தொட்டேன் சார்."

"அட்ஜஸ்ட்னு சொன்னீங்களா?"

"இல்ல சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நகர்த்தத்தான் எடுத்தாங்களா? இல்ல, சும்மா கை பட்டுச்சா?"

இப்போது எழுதும்போது என் காது சூடாகிறது. "நகர்த்தத்தான் எடுத்தாங்க சார். தூக்கிட்டாங்களே!" என்றேன்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்வார், சண்டை போடுவார் என்று நான் பதிலை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் ராஜாவை முன் கட்டத்தில் வைத்தார், க்ளாக்கை அமுக்கினார், ஸ்கோர் ஷீட்டில் குண்டு குண்டான எழுத்தில் அந்த மூவை எழுதினார். முடிந்தது.

அதற்குள் சேதி பரவி, ஆட்டம் முடித்தவர்கள் எல்லாம் எங்கள் போர்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர், "அய்யய்யோ, ராஜாவை இன்னா இங்க வச்சிருக்காங்க?" என்று கிசுகிசுத்தார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அந்தம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார், மூடினார், பலகையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பதினைந்து மூவும் போச்சு! பிஷப் வந்தால்தானே இத்தாலியன்? ராஜா வந்துவிட்டதே! ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்த தொடக்கத்தை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டு, உலகத்தில் யாருமே ஆடாத ஒரு நிலைமைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ராஜாவை எப்படி அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

இனிமேல்தான் அந்தம்மாவின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். தோற்றவன் சொல்கிற பெருமை, அதனால் நம்பலாம்.

முதலில் சிப்பாய் ஒன்றை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு முன்னால் வேலி போட்டார். அடுத்த குதிரையைக் கொண்டுவந்து அந்த வேலிக்கு முட்டுக்கொடுத்தார். ஓரத்துப் பக்கம் ஒரு சிப்பாயை உயர்த்தி, அந்த இடுக்கு வழியாக பிஷப்பை வெளியே எடுத்தார். காலியான பாதையில் யானையை ராஜாவுக்குப் பின்னால் இழுத்து வந்தார். பிறகு ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு. பிறகு இன்னும் ஒரு கட்டம். கேஸ்லிங்கில் ஒரு மூவில் கிடைப்பதை ராஜாவை மூன்று எட்டு நடக்க வைத்துக் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூவில்கூடப் பதற்றம் இல்லை, கோபம் இல்லை. நடந்தது நடந்தது, இனி இந்தத் தோலில் என்ன வெட்டலாம் என்று பார்க்கிற வேலைக்காரரின் நிதானம். என் பிரிவில் அப்படி நாலு பேர் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இன்னொன்றும் செய்தார். நான் முக்கியமான மூவ் ஆடும்போதெல்லாம் எழுந்து, சுற்றி வந்து, எனக்கு மூன்றடி பின்னால் தள்ளி நின்று, என் பக்கத்திலிருந்து பலகையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து ஆடுவார். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. ஆர்பிட்டரை மறுபடியும் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை; என்ன சொல்லிக் கூப்பிடுவது? மூன்றாவது தடவை எழுந்து வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பலகையைத் திருப்பிப் பார்க்க முடியாதே. அதனால் அவர் திரும்பி வந்து பார்க்கிறார். என் ஆட்டத்தின் சதைப் பக்கத்தைப் பார்க்கிறார்.

ராஜா இன்னும் ஓர் எட்டு நடக்க வேண்டியிருந்தபோது நான் பொறுமை இழந்தேன். டிரா போதுமென்ற மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சுற்றி நிற்கிற கூட்டம், கேலிக்கு இலக்கான அந்த ராஜா, என் வாய், என் காது! ஒரு குதிரையைக் கொடுத்து, ராஜாவுக்கு முன்னால் இருந்த இரண்டு சிப்பாய்களைப் பறித்துக்கொண்டு ராணியோடு உள்ளே பாய்ந்தேன். அடுத்து செக், அதற்கடுத்து இன்னொரு செக், ராஜா காலி என்று கணக்கு. பின்னால் நின்ற அக்கவுண்ட்ஸ் பையன் "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தது கேட்டது.

அந்தம்மா எழுந்தார். சுற்றி வந்தார். இந்த முறை ரொம்ப நேரம் நின்றார். பிறகு போய் உட்கார்ந்து, முன்னால் நின்ற குதிரையைப் பின்னால் எடுத்தார்.

பாய்ந்து அடிக்கிற மூவ் இல்லை. பின்வாங்குகிற மூவ். அந்தக் குதிரை வந்து உட்கார்ந்த இடத்தில் என் செக் இரண்டும் செத்துப்போயின. அதுமட்டுமில்லை, உள்ளே பாய்ந்த என் ராணிக்குத் திரும்பிவர வழியே இல்லை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிற ஓட்டை அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. சுற்றி வந்து பார்த்த அவருக்குத் தெரிந்தது. ராணிக்கு ராணி வெட்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வெட்டியதும் கணக்குப் பார்த்தால் எனக்கு ஒரு குதிரை கம்மி, பறித்த இரண்டு சிப்பாய் அதற்கு ஈடாகாது. அவருடைய ராஜா அந்தக் கடைசி எட்டையும் நடந்து, ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

மனசுக்குள் கைதட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான்காவது இடம்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. இருபது வருஷமாக ஆடுகிறேன், அப்படி ஒரு மூவ் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஆனாலும் கெட்ட புத்தி விடுமா? "டிரா?" என்று கேட்டேன்.

"ஆடலாம் சார்" என்றார்.

ஆடினோம். காய்கள் குறையக் குறைய ராஜா வெளியே வந்து வேலை செய்ய வேண்டிய கட்டம் வந்தது. நான் மூன்றாவது மூவில் சந்திக்கு இழுத்த அதே ராஜா, இந்தத் தடவை தன் இஷ்டப்படி நடுப் பலகைக்கு நடந்து வந்து, ஒரு சிப்பாயைப் பக்கத்திலேயே நின்று கடைசிக் கட்டம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. சிப்பாய் ராணியாவதற்கு ஒரு மூவ் முன்னால் நான் க்ளாக்கை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினேன். கூட்டம் கைதட்டியது. சிரித்த ஆளும் சேர்ந்துதான் தட்டினார்.

நான் மறுபடியும் ஐந்தாவது.

பரிசு கொடுத்து முடித்ததும் பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவைப் பார்த்தேன். கையில் மடித்த பனியன் இருந்தது. ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவரே கூப்பிட்டார்.

"சார், நீங்க கட்டிங்கா, செலக்ஷனா?"

"கட்டிங்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சட்டையைப் பாத்து ஆபீஸ் ஆளுன்னுதான் நெனச்சேன். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஸ்கோர் ஷீட்டு குடுத்தாங்க இல்ல? பேர் எழுதறதுக்கு முன்ன அதைத் திருப்பி, விரலால தடவிப் பாத்தீங்க. வெறும் காகிதத்தை! சரி, நம்மாளுதான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சி."

எனக்கு அது ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

"அப்போ ஆர்பிட்டர் கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா? பழக்கத்துல திருப்பினேன்னு?"

"சொன்னா அவருக்கு இன்னா புரியும்? உங்களுக்குத்தான் புரியும்." பனியனைப் பைக்குள் வைத்தபடியே சொன்னார். "அவரு உங்களைக் கேட்டாரு இல்ல, அப்போ நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

ராஜாவை வைப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்த அந்தப் பார்வை என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் என்மேல் கோபப்பட்டுப் பார்க்கவில்லை. எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

பேரணாம்பட்டு பஸ் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. ஜனங்கள் முண்டியடித்தார்கள். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "நீங்க திருப்பினப்பவே தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும்ணா" என்றார். சார் இல்லை, அண்ணா. "அடுத்த வருஷம் நீங்க வெள்ளை ஆடுங்க. வர்றேன்."

ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தார். பஸ் திரும்புகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தம்மா அதை வாங்கி, திருப்பி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுப் பைக்குள் வைத்தார்.